கோரிக்கைக் கணக்கும் காயக் கணக்கும்

அமெரிக்கப் பொதுப்பள்ளி மாவட்டங்கள் தமக்குள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் காப்பீட்டு நிதியங்கள் பணத்தை மிச்சப்படுத்துகின்றன என்ற பழைய வாதத்தோடு, அவை பள்ளிகளைப் பாதுகாப்பான பணியிடங்களாகவும் ஆக்கியுள்ளன என்ற வாதமும் இப்போது சேர்ந்துகொண்டுள்ளது. நிதியங்களின் ஆண்டறிக்கைகள் இதற்குச் சான்றாகக் காட்டுவது, ஊழியர்கள் தாக்கல் செய்யும் இழப்பீட்டுக் கோரிக்கைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இறங்கிவருவதை. கோரிக்கை குறைந்த மாவட்டத்துக்கு மாநாட்டு மேடையில் பாதுகாப்பு விருதும், அடுத்த ஆண்டுப் பங்களிப்புத் தொகையில் தள்ளுபடியும் கிடைப்பது பல நிதியங்களில் வழக்கமாகிவிட்டது. கோரிக்கை குறைந்தால் காயமும் குறைந்திருக்கும் என்ற ஊகத்தின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. அந்த ஊகம் பிழையானது. அதோடு பணத்தையும் முடிச்சுப் போட்டுவிட்டால் அது ஊழியர்களுக்குத் தீங்கு செய்வதாகவும் மாறிவிடுகிறது.

நிதியங்களின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. 1970களின் நடுவிலும் மீண்டும் 1980களின் நடுவிலும் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றியபோதும், பொது அமைப்புகளுக்குக் காப்பீடு தரவே மறுத்தபோதும், கலிபோர்னியாவின் பள்ளி மாவட்டங்கள் அம்மாநிலத்தின் கூட்டு அதிகாரச் சட்டத்தைப் பயன்படுத்தி, அதாவது பொது அமைப்புகள் தத்தம் அதிகாரத்தை ஒன்றுசேர்த்துப் புதியதோர் அமைப்பை உண்டாக்க இடந்தரும் சட்டத்தைப் பயன்படுத்தி, தம் இழப்புகளைத் தாமே பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. இத்தகைய பகிர்வு காப்பீடு ஆகாது, காப்பீட்டுச் சட்டத்தொகுப்பின் கட்டுப்பாடும் அதற்கில்லை என்று அரசாங்கச் சட்டத்தொகுப்பின் 990.8ஆம் பிரிவு சொல்கிறது. இலாபம் பார்க்கும் பங்குதாரர் இல்லை. மிஞ்சிய பணம் உறுப்பினர்களுக்கே உரியது. பேரிழப்புகளுக்கான மறுகாப்பீட்டை எல்லோரும் சேர்ந்து மலிவாக வாங்க முடிகிறது. ஒரே ஓர் ஓட்டுநரின் முதுகெலும்பு முறிவால் நிதிநிலை குலைந்துவிடக்கூடிய சிறிய கிராமப்புற மாவட்டத்துக்கு இது பெரிய ஆறுதல்.

கூட்டாக இடர் சுமப்பதன் மறுபக்கமும் அண்மையில் வெளிப்பட்டது. சிறார் பாலியல் வன்முறை வழக்குகளுக்கான காலவரம்பைத் தளர்த்தி, 2020 முதல் மூன்றாண்டுகளுக்குப் பழைய வழக்குகளையும் தொடுக்க இடமளித்த கலிபோர்னியாவின் 218ஆம் எண் சட்டத்தால் பள்ளி மாவட்டங்கள் மீது விழக்கூடிய சுமை 200 முதல் 300 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று, மாநிலப் பள்ளிகளுக்கு நிதி ஆலோசனை தரும் நெருக்கடி மேலாண்மைக் குழுவின் 2025ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளுக்காக இன்றைய உறுப்பினர்களிடம் கூடுதல் தொகை கேட்கும் நிலைக்கு நிதியங்கள் வந்தன. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கிடைக்க எழுந்த இந்தச் செலவை நிதியங்களின் அமைப்புக் குறையாகக் கொள்வது முறையாகாது.

பாதுகாப்புப் பணியிலும் நிதியங்கள் செய்த நல்லவை உண்டு. வகுப்பறைச் சுவரில் மாணவர்களின் ஓவியங்களைத் தொங்கவிட ஆசிரியர் சக்கரம் வைத்த நாற்காலியின் மேல் ஏறி நின்று விழுவது பள்ளிகளில் அடிக்கடி நேரும் விபத்து; நிதியத்தின் ஆலோசகர் வந்து பார்த்து, ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு படி கொண்ட சிறிய ஏணியை வைக்கச் செய்வது செலவு குறைந்த, உறுதியாகப் பலன் தரும் தீர்வு. சமையற்கூட ஊழியர்களுக்கு வழுக்காத காலணி வாங்கித் தருவதும் அப்படிப்பட்டதே. ஆபத்து ஒரு பொருளில் இருக்கும்போது, அந்தப் பொருளை மாற்றுவதால் செலவும் குறைகிறது, காயமும் குறைகிறது. நிதியத்தின் நலனும் ஊழியரின் நலனும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. ஆபத்து ஆள் பற்றாக்குறையில் இருக்கும்போது அவை பிரிந்துவிடுகின்றன. கூடுதலாக ஓர் உதவியாளரை அமர்த்தும் சம்பளச் செலவு மாவட்டத்தின் வரவுசெலவில் ஆண்டுதோறும் வந்து நிற்கும். தாக்கல் செய்யப்படாத கோரிக்கைக்கோ எந்தச் செலவும் இல்லை.

பங்களிப்புத் தொகை கணக்கிடப்படும் முறையைப் பார்த்தால் இது தெளிவாகும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் ஒவ்வொரு முதலாளியின் கடந்தகால இழப்புகளும் அவரைப் போன்ற பிற முதலாளிகளின் சராசரியோடு ஒப்பிடப்பட்டு, ஓர் எண்ணாக்கப்படுகின்றன. இதை அனுபவ விகிதம் எனலாம். சராசரி 1.00, அதற்கு மேற்போனால் கூடுதல் தொகை, கீழிறங்கினால் குறைந்த தொகை. பெரும்பாலும் மூன்றாண்டுகளின் இழப்புகள் கணக்கில் சேரும். ஒரு பெரிய விபத்து தற்செயலாக நேரலாம், பல சிறிய விபத்துகள் தற்செயலாக நேரா என்ற கருத்தால், கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கு அவற்றின் தொகையைவிட அதிக எடை தரப்படுகிறது. கூட்டு நிதியங்கள் தத்தமக்கென வாய்பாடுகளை வகுத்துக்கொண்டாலும் அவற்றின் அடிப்படை இதுவே. சிறிய கோரிக்கைகளை மறைக்கும் தூண்டுதல் இந்தக் கணக்கிலேயே பொதிந்திருக்கிறது என்பது அத்துறை அறியாததன்று. கலிபோர்னியாவில் இந்த விகிதத்தைக் கணக்கிடும் பணியகம், 2019 முதல் ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 250 டாலரைக் கணக்கிலிருந்து நீக்கியதற்கு, முதலுதவியோடு முடியும் காயங்களையும் முதலாளிகள் மறைக்காமல் தெரிவிக்கவேண்டும் என்ற எண்ணமே காரணம். ஒரு மருத்துவமனை வருகைக்கே போதாத அந்த 250 டாலர் நோயை ஒப்புக்கொள்வதாகும், மருந்தாகாது.

இந்தத் தூண்டுதலின் விளைவைச் சுமப்பவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். சிறப்புக் கல்வி வகுப்பில், பேச்சால் தன் வலியையோ அச்சத்தையோ சொல்ல இயலாத குழந்தையோடு நாள் முழுதும் இருப்பவர் மணிக்கணக்கில் கூலி பெறும் வகுப்பு உதவியாளர். குழந்தை மிரண்டு அவருடைய முன்கையைக் கடிக்கிறது, தோல் கிழிகிறது. அவர் குளியலறையில் கையைக் கழுவி, மேசை இழுப்பறையில் இருக்கும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் வகுப்புக்குத் திரும்புகிறார். அவர் இல்லாவிட்டால் அந்த அறையில் வேறு ஆள் இல்லை. கலிபோர்னியாவில் சட்டம் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. காயம் தெரிந்த ஒரு வேலைநாளுக்குள் முதலாளி கோரிக்கைப் படிவம் தரவேண்டும். முடிவு எடுக்கும்வரை 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு அனுமதிக்கவேண்டும். கலிபோர்னியப் பள்ளி ஊழியருக்குப் பணியிட விபத்துக்காக 60 நாள் விடுப்பும் உண்டு. இத்தனை உரிமையும் படிவத்தை நிரப்பிய பிறகே உயிர்பெறும். இது வேலையோடு வருவதுதான் என்று சக ஊழியர்கள் தேற்றுகிறார்கள். புகார் எழுதினால் குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களோ என்று உதவியாளரே தயங்குகிறார். தம் பள்ளியின் கோரிக்கை எண்ணிக்கை மாவட்டச் சராசரியைவிட எவ்வளவு கூடுதல் என்ற அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் தலைமையாசிரியர் படிவத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஆனாலும் காயம் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

காயம்பட்டவர் உடனே தொலைபேசியில் செவிலியரை அழைத்து ஆலோசனை பெறும் சேவையை நிதியங்கள் தம் சாதனைகளுள் ஒன்றாகச் சொல்கின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டிலேயே மருந்திட்டுக்கொள்ளலாம் என்று முடியும் ஒவ்வோர் அழைப்பும் ஒரு கோரிக்கையைத் தவிர்க்கிறது என்பதைக் கணக்கிட்டுத்தான் அச்சேவை விற்கப்படுகிறது. அதற்குப் பணம் தருவதோ கோரிக்கைக்கும் பணம் தரவேண்டிய அதே நிதியம். பெரிய காயங்களை எவராலும் மறைக்க இயலாது, ஆகவே எண்ணிக்கை பொய்யாகாது என்று நிதியங்களின் ஆதரவாளர்கள் வாதிடுவர். எலும்பு முறிவை மறைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் உதவியாளரின் தோள்மூட்டு விலகுவதற்கு முன்னால் பல கடிகளும் அறைகளும் தள்ளல்களும் நிகழ்ந்திருக்கும். அவையே அந்த வகுப்புக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் செய்திகள். சிறியவற்றை விழுங்கும் கணக்கு பெரியதைத் தடுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே விழுங்குகிறது.

நிதியத்தின் ஆட்சிக்குழுவில் அமர்பவர்கள் பெரும்பாலும் உறுப்பு மாவட்டங்களின் நிதி, வணிக அலுவலர்கள். துப்புரவுப் பணியாளருக்கோ பேருந்து ஓட்டுநருக்கோ வகுப்பு உதவியாளருக்கோ அங்கே இடமில்லை. கலிபோர்னியாவிலாவது அரசு ஊழியரையும் காக்கும் மாநிலப் பாதுகாப்புத் துறை இருக்கிறது. நிதியம் காணத் தவறியதை அதன் ஆய்வாளர் காணலாம். 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் பணியிடப் பாதுகாப்புச் சட்டமோ, முதலாளி என்ற சொல்லின் வரையறையிலிருந்து மாநிலங்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் விலக்கிவிட்டது; பள்ளி மாவட்டம் அத்தகைய உட்பிரிவு. எனவே தனக்கென ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஏற்படுத்திக்கொள்ளாத டெக்சாஸ், புளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் பொதுப்பள்ளி ஊழியர் கூட்டாட்சி ஆய்வாளரை அழைத்துப் பயனில்லை. அங்கே வெளியிலிருந்து பள்ளிக்குள் வந்து பார்க்கும் கண் பெரும்பாலும் நிதிய ஆலோசகருடையது மட்டுமே. அவர் அறிவுரை சொல்லலாம், அபராதம் விதிக்க இயலாது. அவருடைய அறிக்கை போய்ச் சேர்வது மாவட்ட நிர்வாகத்திடம். கடுமையாக எழுதினால் அந்த மாவட்டம் நிதியத்தை விட்டு விலகி வேறிடம் போய்விடலாம். இப்படிப்பட்ட ஒருவரின் வருகையை அரசின் ஆய்வுக்கு ஈடாகக் காட்டி, தனிச் சட்டம் தேவையில்லை என்று சொல்வது ஊழியர்களுக்குச் செய்யும் அநீதி. மாசசூசெட்ஸ் 2019இல் இந்த இடைவெளியைத் தன் சட்டத்தால் அடைத்தது. பிற மாநிலங்களும் அடைக்க முடியும்.

கோரிக்கையைச் சாராமல் காயத்தை எண்ண வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள கலிபோர்னியாவின் பணியிட வன்முறைத் தடுப்புச் சட்டம், காயம் ஏற்பட்டதா இல்லையா என்று பாராமல் ஒவ்வொரு வன்முறை நிகழ்வையும் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும் என்கிறது. மாணவரிடமிருந்து ஊழியருக்கு நேரும் வன்முறையும் அதில் பெயர்சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளது. பதிவேட்டை ஐந்தாண்டு காக்கவேண்டும். ஊழியர் கேட்டால் காட்டவேண்டும். தள்ளுபடியையும் விருதையும் முடிவு செய்ய நிதியங்கள் பார்க்கவேண்டியது இந்தப் பதிவேட்டையும், அதில் எழுதப்பட்டவற்றுக்காக மாவட்டம் எடுத்த நடவடிக்கையையும். எடுத்துக்காட்டாக, ஒரே அளவுள்ள இரண்டு மாவட்டங்களைக் கொள்வோம். ஒன்று ஒவ்வொரு கடியையும் எழுதி, படிவம் தந்து, சிகிச்சைக்கு அனுப்பி, ஆள் கூட்டுகிறது. மற்றொன்றில் உதவியாளர்கள் பிளாஸ்திரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்றைய வாய்பாட்டில் முதலாவதன் பங்களிப்பு ஏறுகிறது, இரண்டாவதற்குத் தள்ளுபடி கிடைக்கிறது. நிதியத்துக்கு வந்துசேரவேண்டிய மொத்தத் தொகையில் ஒருவருக்குக் குறைப்பதை மற்றவர்களிடமிருந்துதான் பெற்றாகவேண்டும் என்பதால், இரண்டாவது மாவட்டத்தின் தள்ளுபடியில் ஒரு பகுதியைக் கட்டுவது முதல் மாவட்டமே.