ஜனவரியில் போகும் மதிப்பெண்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்க வரும் தில்லித் தமிழர்களின் பேச்சு டிசம்பர் பிறந்தால் திசை மாறிவிடுகிறது. ஊருக்கு எந்த ரயிலில் டிக்கெட் கிடைத்தது என்பதெல்லாம் அப்புறம்தான். "ப்ரீ-போர்டுல எவ்வளவு? மிட்-இயர் ரிப்போர்ட் போயாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளையை பிளஸ் டூ முடிந்த கையோடு அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆசை வசந்த் விஹாரைத் தாண்டி லக்ஷ்மிபாய் நகர், கித்வாய் நகர் அரசுக் குடியிருப்புகளுக்கும் வந்து நாளாகிறது. விண்ணப்பம் வந்த பிறகும் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் வாங்கிய மதிப்பெண்களைப் பள்ளியிடம் அறிக்கையாகக் கேட்பது அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கம்; அதுதான் மிட்-இயர் ரிப்போர்ட். மார்க்கெட்டில் ஒரு நண்பர் இந்த ஏற்பாட்டுக்காக என்னிடம் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடினார். "நம்ம ஊர்ல ஒரே பரீட்சை சார், அன்னிக்கு ஜுரம் வந்தா போச்சு. அவன் அப்ளிகேஷன் போட்ட பிறகும் பையன் என்ன பண்றான்னு கேக்கறான். எவ்வளவு மனுஷத்தன்மை!"

அவர் சொன்னதில் ஒரு பங்கு சரி. பதினொன்றாம் வகுப்பில் சறுக்கிய பிள்ளை பன்னிரண்டில் எழுந்து நின்றதைக் காட்ட இந்த இரண்டாவது அறிக்கை உதவும். நவம்பரில் விண்ணப்பித்து, முடிவு சொல்லாமல் ஒத்திவைக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு பிடிமானம். விண்ணப்பம் போட்டதும் புத்தகத்தை மூடிவைக்கும் பழக்கத்தையும் தடுக்கும். எம்.ஐ.டி. போன்ற இடங்களில் பிப்ரவரியில் இதற்கென்றே தனிப் படிவம் உண்டு. ஒரே நாள் பரீட்சையின் கொடுமை பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்த மதிப்பெண்ணைப் போடுவது யார்?

சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து ஜனவரியிலோ பிப்ரவரியிலோ கடல் கடந்து போகும் தாளில் இருப்பது அரையாண்டுத் தேர்வும், வாரியத் தேர்வுக்கு முன் பள்ளியே வைக்கும் ப்ரீ-போர்டும். இரண்டுக்கும் கேள்வித்தாள் பள்ளியுடையது. திருத்துவதும் பள்ளி ஆசிரியர்தான். வாரியத்துக்கு இதில் பங்கு கிடையாது. ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன் கடைத் தராசில்கூட எடையளவுத் துறை முத்திரை இருந்தாக வேண்டும். இந்தத் தாளில் இருப்பதோ பள்ளியின் ரப்பர் ஸ்டாம்பு மட்டும்.

ப்ரீ-போர்டு எதற்காக வந்தது என்பது பன்னிரண்டாம் வகுப்பு எடுத்த எந்த ஆசிரியருக்கும் தெரியும். பிள்ளைகளைப் பயமுறுத்த. கேள்வித்தாளைக் கடினமாக்கி, அரை மார்க், ஒரு மார்க் என்று இழுத்துப் பிடித்துத் திருத்துவார்கள். வேதியியலில் 70-க்கு 48 வாங்கிய பெண் வீட்டில் அழுவாள். அடுத்த ஆறு வாரம் ராப்பகலாகப் படித்து வாரியத் தேர்வில் 65 வாங்குவாள். நல்ல பள்ளிக்கு அதுதான் லட்சணம் என்று நாம் நினைத்திருந்தோம். இப்போது அதே 48 வெளிநாட்டுக் கல்லூரியின் மேஜையில் அவளுடைய தகுதிக்கான சான்றாகப் போய் உட்காருகிறது. அவள் வாங்கப்போகும் 65 முடிவெடுக்கும் நேரத்தில் அங்கே யாருக்கும் தெரியாது.

ஆண்டுதோறும் கும்பலாகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பள்ளிகளுக்கு இந்த நெளிவுசுளிவு அத்துப்படி. அங்கே இதற்கென்றே சம்பளம் வாங்கும் கவுன்சலர் இருக்கிறார். எந்தத் தேர்வை டிரான்ஸ்கிரிப்டில் சேர்ப்பது, எதை விடுவது, வாரியத் தேர்வில் எவ்வளவு வரும் என்று கணித்து எழுதும் 'ப்ரெடிக்டட்' என்ற கட்டத்தில் 96 போடுவதா 97 போடுவதா என்பதெல்லாம் அவர் கையில். கல்விக் கட்டணத்துக்கு நியாயம் சொல்ல, சேர்க்கைப் பட்டியலை வாசல் பேனரில் அடிக்கும் பள்ளி, தன் பேனருக்கான மதிப்பெண்ணைத் தானே போட்டுக்கொள்கிறது. குடியிருப்பை ஒட்டிய சாதாரணப் பள்ளியிலோ, இப்படிக் கேட்டு வரும் பிள்ளை பல வருடத்துக்கு ஒன்று. கிளார்க் ரிஜிஸ்டரைப் பார்த்து 48-ஐ 48 என்றே எழுதி, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார். உள்ளதை உள்ளபடி எழுதிய பள்ளியின் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

"அமெரிக்கக் கல்லூரிகள் முட்டாள்களா? எந்தப் பள்ளி எப்படி மார்க் போடும் என்று அவர்களுக்குத் தெரியும்" என்பார்கள். தெரியும்தான், வருடம் முப்பது நாற்பது பேரை அனுப்பும் பள்ளிகளைப் பற்றி. எப்போதோ ஒரு விண்ணப்பம் வரும் பள்ளியை எதை வைத்து எடைபோடுவார்கள்?

பள்ளி போடும் மதிப்பெண்ணை சி.பி.எஸ்.இ.யே எவ்வளவு நம்பியது என்பதற்கு 2021 சாட்சி. கொரோனாவால் தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் உள்தேர்வுகளுக்கு 40 சதவீதம் என்று கூட்டினார்கள். அதோடு விடவில்லை. பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டு முடிவுகளில் சிறந்ததை அளவுகோலாக வைத்து, அதற்கு மேல் கைமீறிப் போகாதபடி ஒரு கடிவாளமும் போட்டார்கள். அப்படியும் தேர்ச்சி 99.37 சதவீதம். 95-க்கு மேல் வாங்கியவர்கள் முந்தைய ஆண்டு 38,686. அந்த ஆண்டு 70,004. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பல கல்லூரிகளின் கட்-ஆஃப் 100-ஐத் தொட்டது. அடுத்த ஆண்டே அங்கே சேர க்யூட் நுழைவுத்தேர்வு வந்தது. கடிவாளம் போட்டே இந்த நிலை என்றால், கடிவாளமே இல்லாத ஜனவரி மதிப்பெண்ணை என்ன சொல்ல?

இது இந்தியர்களின் தில்லுமுல்லு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பிரிட்டனில் ஆசிரியர்கள் முன்கூட்டிக் கணிக்கும் ஏ-லெவல் மதிப்பெண்களை 2016-இல் கில் வைனஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். கணித்தபடியே வாங்கியவர்கள் 16 சதவீதம்தான்; நான்கில் மூன்று பேருக்குக் கணிப்பு கூடுதலாகவே இருந்தது. முடிவு வந்த பிறகே சேர்க்கை என்று மாற்ற அந்த அரசு 2021-இல் கருத்துக் கேட்டு, 2022-இல் கைவிட்டது. ஆனாலும் அங்கே கிடைக்கும் இடம் பெரும்பாலும் நிபந்தனையோடு வருகிறது. வாரியத் தேர்வில் சொன்ன மதிப்பெண் வந்தால்தான் இடம்; பள்ளியின் தாராளம் ஆகஸ்டுக்குள் அம்பலமாகிவிடும். நம்மூர் பொறியியல் கலந்தாய்விலும் பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் ரேங்க். அரையாண்டில் எவ்வளவு என்று கேட்பாரில்லை.

அமெரிக்க ஏற்பாட்டில் தேதிகளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. கல்லூரிகள் மார்ச் கடைசிக்குள் முடிவைச் சொல்லிவிடும். மே 1-க்குள் பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். சி.பி.எஸ்.இ. முடிவுகள் 2024-இலும் 2025-இலும் வெளியான தேதி மே 13. பள்ளிக்கு வெளியே இருப்பவர் திருத்திய ஒரே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், எல்லாம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து வருகிறது. அதையும் இறுதி அறிக்கையாக அனுப்பத்தான் வேண்டும். பிள்ளை படுமோசமாகச் சரிந்தால் இடம் பறிபோகலாம். 97 என்று அனுப்பியது 91 ஆனால் பள்ளியை யாரும் கேட்பதில்லை.

ஜனவரித் தாளும் மே மாதத் தாளும் ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு குமாஸ்தா அரை நாளில் கணக்குப் போட்டுவிடலாம். கல்லூரிகள் அதை வெளியிடட்டும், பள்ளிப் பெயரை மறைத்தாவது. அப்போது மார்க்கெட் நண்பரோடு மனுஷத்தன்மை பற்றி மறுபடி பேச நான் தயார்.