கண்ணகியின் தன்னடையாளம்: சிலம்பும் வற்றாப்பளை மரபும்

ஒருவர் தம்மை இன்னார் எனக் கூறுங்கால், அக்கூற்றில் அவருடைய சொந்தக் குரல் எவ்வளவு, சமூகம் கற்பித்த பாடம் எவ்வளவு என்னும் வினா இலக்கியத் திறனாய்வுக்கும் உரியதாகும். மானிடவியலாளர் ரால்ப் லின்டன் 1936இல் வெளியிட்ட நூலில், சமூகத்தில் ஒருவருக்குரிய இடத்தை அந்தஸ்து எனவும், அவ்விடத்துக்குரிய உரிமை கடமைகளைச் செயற்படுத்துவதை வகிபாகம் எனவும் வேறுபடுத்தினார். பிறப்பு முதலியவற்றாற் சார்த்தப்படும் அந்தஸ்தும் முயற்சியால் ஈட்டப்படும் அந்தஸ்தும் வேறென்பதும் அவர் கருத்தாகும். இவ்வளவுகோல் கொண்டு கண்ணகியை நோக்குவோம்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில், யாரென வினவிய பாண்டியனுக்குக் கண்ணகி தன் ஊரையும் மாமன் பெயரையும் கணவன் பெயரையும் கூறிய பின்னரே தன் பெயரைச் சொல்கிறாள். பெற்ற தந்தை மாநாய்கன் அவ்விடையில் இடம்பெறவில்லை. மணமான பெண் புகுந்த வீட்டின் வழியே அறியப்படுவாள் என்னும் வழக்கு, அவள் சினத்தின் உச்சத்திலும் தொழிற்படுகிறது. ஆயினும், அவைக்களத்தில் வழக்குரைக்கும் உரிமையை அவளுக்கு அளிப்பதும் மனைவி என்னும் அவ்வகிபாகமே என்பது மனங்கொளத்தக்கது.

ஈழத்தில் வழங்கும் கண்ணகி வழக்குரை இச்சிக்கலை மேலும் ஆழப்படுத்துகிறது. பாண்டியனின் மாங்கனியில் தோன்றியவள் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, வணிகர் குடியில் வளர்கிறாள். எனவே மதுரையை எரிப்பவள் தன் பிறந்தகத்தையே எரிக்கிறாள். பிறப்பு தந்த அந்தஸ்தை வளர்ப்பும் வாழ்வும் வென்றுவிடுகின்றன.

நந்திக்கடலோரத்து வற்றாப்பளை ஐதிகத்திலோ இவ்வடையாளங்கள் யாவும் நீங்குகின்றன. அங்கு அவள் பசித்த முதியவள். மாடு மேய்க்கும் சிறுவர் பொங்கல் படைக்கின்றனர். அவள் சொற்படி கடல்நீரில் விளக்கேற்றுகின்றனர். இன்னார் மகள், இன்னார் மனைவி என அறிந்து அவர்கள் உதவவில்லை. முதுமையும் பசியுமே போதுமாயின. தலையில் பேன் பார்க்கும்போதே ஆயிரங் கண்களைக் காண்கின்றனர். தெய்வ அந்தஸ்து பணிவிடைக்குப் பின்னரே வெளிப்படுகிறது. வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு அந்நிகழ்வை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

இஃது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. 2009இல் போர் முடிந்த இந்நிலப்பரப்பில், கணவர் காணாமற்போன பெண்கள் பலர் சுமங்கலியெனவோ கைம்பெண்ணெனவோ சொல்லவியலா நிலையில் வாழ்ந்து வருகின்றனர். சமூகம் வகுத்த அந்தஸ்துகளுள் அவர்களுக்குரிய பெயர் இல்லை. காணாமற்போனோர் குறித்துச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அது சட்ட நிலையொன்றைத் தந்ததேயன்றி விடை தரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய உறவினரும் இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே தம்மை அறிமுகஞ் செய்தனர்.

ஆகவே, வகிபாகம் ஒருவரின் முழு அடையாளமன்று. எனினும் நீதி கேட்பதற்கு அவருக்கு வாய்த்த மொழி அதுவே எனலாம். அம்மொழியைக் கேட்கும் கடன் அவையினர்க்குரியது. அந்தஸ்து அறியாமலே பசியறிந்து பொங்கிய சிறுவரிடம் அவ்வவை கற்கவேண்டியது மிகுதியாம்.