மூன்று ஆறு, ஒரு வேன், ஒரு குடலை இட்லி

தீபாவளி ஆர்டர் முடிந்ததும் எங்கள் காஞ்சிபுரத்தில் தறிகள் கொஞ்சம் மூச்சு விடும். ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு இழுத்துக் கட்ட முடியாது. ஆடி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடத் தறியை விட்டு எழாத பெரியப்பா, திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார். குடும்பத்தோடு வெளியே கிளம்ப இதைவிடத் தோதான காலம் வருஷத்தில் கிடையாது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்த மழை மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் வெளுக்கட்டும், அடுத்த நிமிஷம் வேன்காரருக்கு என் போன் போயிருக்கும்.

எங்கே என்று யாரும் கேட்பதில்லை. திருமுக்கூடல்தான்! பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். காஞ்சிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர், அப்புறம் பட்டுப்புடவைக் கடை என்று நாளை முடித்துக்கொண்டு மகாபலிபுரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஓடட்டும். எங்களுக்குக் கூட்டம் குறைவு.

இந்த வருஷம் மிலானில் வேலை பார்க்கும் என் அத்தை மகனும் தீபாவளிக்கு வந்திருந்தான். "அங்கெல்லாம் அக்டோபர் வந்தா சனிக்கிழமை காலையில ரயிலேறி கோமோ போயிடுவோம்க்கா. ஏரி, மலை, பட்டு மியூசியம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்" என்று ஆரம்பித்தான். ஏரியும் மலையும் பட்டும்தானே? பட்டுக்குள்ளேயே பிறந்தவனிடம் அதைப் பற்றி என்ன பேச? "ஏரி, மலையோட ஆத்தையும் சேர்த்துக் காட்டுறேன், காலையில ஆறு மணிக்கு ரெடியா இரு" என்று சொல்லிவிட்டேன்.

பெரிய குடும்பத்தைக் கிளப்பும்போது முதலில் சாப்பாட்டை முடிவு பண்ண வேண்டும். வழியை அப்புறம் பார்க்கலாம். எங்கள் ஊரில் அதற்குக் குடலை இட்லி இருக்கிறது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி, நிதானமாக ஆவியில் வேகவைப்பது. வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்யமாவதும் இதுதான். சாயங்காலம் வரைக்கும் கெடாது, தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம், வெட்டி வெட்டிக் கையில் கொடுத்துவிடலாம். பயணச் சாப்பாடு என்றே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும். புளியோதரை ஒரு தூக்கு, மோர் ஒரு கேன், பெரியம்மாவின் முட்டிக்குத் தைலம். கிளம்பியாயிற்று.

வாலாஜாபாத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் ஏரிகள் ததும்பிக்கொண்டிருந்தன. எந்த ஏரி கோடி போகிறது என்று பெரியப்பா ஜன்னலோரமிருந்து அறிவித்துக்கொண்டே வந்தார். ஒரு கலங்கல் பக்கத்தில் வேனை நிறுத்தியே ஆக வேண்டியதாகிவிட்டது. வெள்ளையாக நுரைத்து விழுகிற தண்ணீரில் பையன்கள் துண்டை விரித்துக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாண்டுகளை அங்கிருந்து பிரித்து ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பழையசீவரம் குன்றுமேல் லட்சுமி நரசிம்மர் இருக்கிறார். ரயிலில் வருகிறவர்களுக்குச் செங்கல்பட்டு–காஞ்சிபுரம் தடத்தில் ஊர்ப் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு. பெரியம்மாகூட நின்று நின்று ஏறிவிட்டார். மடியில் தாயாரை வைத்துக்கொண்டிருக்கும் நரசிம்மரின் பெரிய திருமேனி. கண்ணை எடுக்கவே மனசு வராது. சேவித்துவிட்டு வெளியே வந்து நின்றால் கீழே பாலாறு. ஐயோ, அதை எப்படிச் சொல்வது! வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலாகவும் முள்செடியாகவும் கிடக்கிற அதே பாலாறு. மணல்கூட எடுத்தது போக மிச்சம்தான். அந்த ஆறு அன்றைக்குக் கரைக்குக் கரை தண்ணீராக, நடுவில் நாணல் திட்டுகளோடு, வெயிலில் மின்னிக்கொண்டு போகிறது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, வழியெல்லாம் அணைகளையும் ஊற்றுகளையும் தாண்டி, எங்கள் கண்முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. கோமோக்காரன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பார்ப்பது வேறு, இறங்குவது வேறு. 2021 நவம்பரில் இந்த ஆற்றில் வந்த வெள்ளத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். பழையசீவரத்துக்கும் பழவேரிக்கும் நடுவே கட்டிய தடுப்பணை இப்போது தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அங்கே மணலுக்கடியில் குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளைப் பாலத்தின் மேலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். பாலத்தின் மேலிருந்து பார்ப்பதே போதும் போதும் என்றிருக்கும்.

பாலத்தைத் தாண்டினால் தென்கரையில் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். பதினோரு மணிக்கு முன்பே போய்விடுங்கள், நடை சாத்தினால் சாயங்காலம்தான். தொல்லியல் துறை பராமரிப்பில் இருப்பதால் சுத்தமான கோயில்; கடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நின்ற திருக்கோலப் பெருமாள், கீழே பூமாதேவியும் மார்க்கண்டேயரும். பல்லவர் காலத்திலிருந்தே இருக்கிற தலம், நிருபதுங்க பல்லவன் காலக் கல்வெட்டும் உண்டு. ஆனால் நான் வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போவது திருச்சுற்றுச் சுவரில் இருக்கிற வேறொரு கல்வெட்டுக்கு. ராஜேந்திர சோழனின் மகன் வீரராஜேந்திரன் காலத்தது, 1068-ஐ ஒட்டி வெட்டியது. ஐம்பது வரிகளுக்கு மேல் சுவரை நிறைத்துக்கொண்டு ஓடுகிறது.

அதில் என்ன இருக்கிறது என்கிறீர்கள்? ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது! வீரசோழன் என்று பெயர் வைத்த ஆதுலர்சாலை, பதினைந்து படுக்கை. வைத்தியர் ஒருவர்: ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இரண்டு பேர், நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்கு. மருந்தறையில் எந்தெந்த லேகியம், தைலம், கிருதம் இருப்பில் இருக்க வேண்டும் என்றுகூடப் பெயர் பெயராக எழுதியிருக்கிறது: வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம்… அடுத்த ஊர் வைத்தியசாலையில் இன்றைக்கும் கேட்டு வாங்கக்கூடிய பெயர்கள்.

என் தம்பி மனைவி நர்ஸ். கல்வெட்டுக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவள், "பதினஞ்சு பெட்டுக்கு ரெண்டு ஸ்டாஃபா? எங்க வார்டுக்கு இந்த ராஜாவை அனுப்பி வையுங்க அண்ணி" என்றாள். எங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பட்டர் சுவாமியே சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி மட்டுமில்லை. கோயிலின் ஜனநாத மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சாப்பாட்டோடு தங்கும் இடம். அந்த மாணவர்களுக்குப் படுக்கப் பாய், ராத்திரி விளக்கெண்ணெய், சனிக்கிழமை தலை முழுக எண்ணெய்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலிருந்து தப்ப முடியாது என்று தெரிந்ததும் எங்கள் ஏழு வயசுக்காரனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மிலான்காரன் வாயடைத்துப் போனதும் இங்கேதான். இத்தாலியின் தெற்கே சலேர்னோவில் பெயர்பெற்ற மருத்துவப் பள்ளி ஒன்று இருந்தது, அவன் போய்வந்த ஊர். அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோன ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் அங்கே வந்து சேர்ந்தது 1070-களில் என்று அவனே சொன்னான். அப்படியானால் அங்கே அவர் ஏடு புரட்ட ஆரம்பிப்பதற்குச் சில வருஷம் முன்பே, இங்கே பாலாற்றங்கரையில் மருந்து ஸ்டாக் லிஸ்ட் கல்லில் ஏறிவிட்டது. யார் முந்தி யார் பிந்தி என்று சண்டை போட நான் வரவில்லை. ஒரே காலத்தில் இரண்டு கரையிலும் யாரோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கோயிலுக்கு வெளியே மர நிழலில் குடலை இட்லி காலி.

பிறகு சாலவாக்கம் வழியாக உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, 919-லும் 921-லும் வெட்டியது, பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் சுவருக்கு முன்னால் நின்று படித்துக் காட்டினால் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு வருகிற ஆர்வமே வேறு. முப்பது குடும்பு, வயசு 35-லிருந்து 70-க்குள், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. "அத்தை, அப்போ நம்ம ஏரியாவுல யாருமே நிக்க முடியாதே" என்றாள். அரசியல் வேண்டாம் என்று வாயைப் பொத்தி, சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மூன்று அடுக்கு விமானம்: கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். பிள்ளைகள் குறுகலான படியில் ஏறி இறங்கியே களைத்துவிட்டார்கள். திரும்பும்போது தூங்குவார்கள், நிம்மதி.

திரும்பும் வழிதான் என் திட்டத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. வந்த வழியே போகவே கூடாது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம், மாகறல் பக்கமாகக் காஞ்சிக்கு வாருங்கள். வெங்கச்சேரியில் செய்யாற்றைக் கடப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் பாலாறு. ஓரிக்கை தாண்டி ஊருக்குள் நுழையும்போது வேகவதி. காலையில் ஒன்றாகக் கலந்து போவதைப் பார்த்த மூன்றையும் சாயங்காலம் தனித்தனியே, கூடுமிடத்துக்கு மேலே போய்ப் பார்க்கிறோம்! செய்யாறு செம்மண் கலங்கலாக, பாலாறு அகலமாக, எங்கள் வேகவதி பாவம், ஊர்ச் சாக்கடையையும் சுமந்துகொண்டு. அதற்கும் ஒரு நல்ல காலம் வர வேண்டும். கடும் மழை நாளில் இந்த வழியை நம்ப முடியாது, செய்யாற்றில் வெள்ளம் வந்தால் வெங்கச்சேரியில் போக்குவரத்து நின்றுபோவதுண்டு. கிளம்புமுன் உத்திரமேரூர் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேடந்தாங்கலையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும், மாதமும் வேறு. ஏரி நிரம்பி, தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்ட வேண்டும். கார்த்திகைக் கடைசிக்குமேல் போனால்தான் கண் நிறையும். 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் சொல்லி வேட்டைக்காரர்களைத் தடுத்த ஊர்க்காரர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் பொறுமையாக உட்கார வேண்டும், ஓட்டமாகப் பார்த்துவிட்டு வரக் கூடாது.

அடுத்து மாட்டுப் பொங்கல் வருகிறது. அன்றைக்குக் காஞ்சி வரதர் பாரிவேட்டைக்குப் பழையசீவரம் குன்றுக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வருவார். பழையசீவரம் நரசிம்மரும் சாலவாக்கத்துப் பெருமாளும் காவாந்தண்டலத்துப் பெருமாளும் வந்து சேர, ஊர்ப் பெருமாளோடு ஐந்து பேரும் ஒரே இடத்தில். கூட்டம் அப்படி இருக்கும், நிற்க இடம் கிடைக்காது, போயே ஆக வேண்டும். வேனுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். முன் சீட்டு பெரியம்மாவுக்கு. அத்தை மகன் டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.