லயமும் குவார்ட்டர்ஸும்

அப்பா ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம். நெய்வேலி டவுன்ஷிப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். "அப்புறம் சொந்த ஊர்தானே?" என்று கேட்பவர்களுக்கு அம்மா பதில் சொல்வதில்லை. இந்த நேரத்தில்தான் சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலை இரண்டாம் முறை எடுத்தேன்.

முதல் தடவை, தொழிற்சங்க நாவல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். தோட்டத்தில் சங்கம் வைத்ததற்காக விரட்டப்பட்டு அலையும் ராமலிங்கத்தின் கதை. இப்போது படித்தால் வலி வேறு இடத்தில் இருக்கிறது. லயத்தில் வேலையும் வீடும் ஒன்றுதான். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் கூரையும் சேர்ந்தே போகும்.

நம்மில் பலருக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டம் என்றால் புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'. பெரிய கதை, சந்தேகமே இல்லை. ஆனால் அது இக்கரையில் நின்று பார்க்கும் கண். மருதி வாசவன்பட்டியிலிருந்து போனவள். அவள் திரும்பி வருவாளா என்றே நம் மனசு அலைகிறது. வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1948இல் வந்த சட்டம் அவருடைய மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அவர் எழுத்தில் அக்கரை என்று ஒன்று கிடையாது. ராமலிங்கத்துக்குத் திரும்பிப்போக எதுவும் இல்லை.

நாவலாக இது கச்சிதமானதல்ல. பல இடங்களில் அறிக்கை மாதிரி ஓடுகிறது. ஆனால் அறிக்கைகளால் எண்ணப்பட்ட மக்களைப் பற்றியது இது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தது. 1946இல் இத்தாலியும் பெல்ஜியமும் போட்டதும் இதே கணக்குதான்: 50,000 தொழிலாளிகளை அனுப்பு, நிலக்கரி தருகிறேன். வந்தவர்களில் பலர் போர்க்கைதிகளை அடைத்திருந்த கொட்டகைகளில் தங்கினார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர். (அதே வருஷம்தான் நெய்வேலியில் நிறுவனம் தொடங்கியது. சின்ன வயசில் அந்த வருஷத்தை விழாவாக மட்டும்தான் அறிந்திருந்தேன்.) அங்கே ஒரு இத்தாலியத் தொழிலாளியின் மகன், எலியோ டி ரூப்போ, 2011இல் பெல்ஜியத்தின் பிரதமரானார். இங்கே, தோட்டத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் தலைமன்னாரில் கப்பலேறி, பார்த்தே இராத 'தாயகத்துக்கு' வந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கதையை இதோடு சேர்க்கக் கூச்சமாகவே இருக்கிறது. அப்பாவுக்கு பி.எஃப். வரும். யாரும் துரத்தவில்லை. நாங்கள் குடியேறிய மண்ணும் யாரோ விட்டுப்போனதுதான். என்னோடு படித்த ஒருத்தியின் தாத்தா ஊர் இப்போது சுரங்கப் பள்ளம். 'சொந்த ஊர்' என்ற கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்று நான் கேட்டதே இல்லை. ராமலிங்கத்தை முதல் தடவை சரியாகப் படித்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

நேற்று அப்பா மேஜையில் கிடந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். "கடைசில வீடு கெடைக்குதாடா அவனுக்கு?" என்றார். படிச்சுப் பாருங்கப்பா என்று கொடுத்தேன். இன்னும் திறக்கவில்லை.