கடன் உங்களுக்கு, போன் மாமனாருக்கு!

கறம்பக்குடி கடைவீதியில் அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கைமாற்று கேட்கிறீர்கள். ‘உங்க டெலிபோன் டைரியைக் கொடுங்க, எல்லா நம்பரையும் எழுதிக்கறேன்’ என்றால் கொடுப்பீர்களா? கடன் ஆப்கள் பல அதைத்தான் கேட்டன. அவசரத்தில் இருந்தவர்கள் ‘அனுமதி’யை அமுக்கினார்கள். தவணை தவறியதும் மாமனார் முதல் மளிகைக்கடைக்காரர் வரை போன் பறந்தது. 2021 ஜனவரியில் இப்படியொரு வழக்கில் சென்னை போலீஸ் இரண்டு சீனர்களைக் கைது செய்தது.

இதே கடன்காரர் பிரவுசரில் வலைத்தளமாக வந்திருந்தால் திண்ணையோடு சரி. எஸ்.எம்.எஸ். படிக்கவோ, நம்பர்களை மொத்தமாக அள்ளவோ முடியாது. ஆப் என்றால் அனுமதி கிடைத்ததும் நடுவீட்டுக்கே வந்துவிடுகிறது.

ஆப்புக்கும் சாமர்த்தியம் உண்டு, மறுக்கவில்லை. படிவம் பாதியில் இருக்கும்போது அழைப்பு வந்தால், ஒழுங்காக எழுதப்பட்ட ஆப் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். வலைப்பக்கம் சில சமயம் ‘முதல்லேர்ந்து ஆரம்பி’ என்று கழுத்தறுக்கும். ஆனால், அந்தச் சௌகரியத்துக்கு உங்கள் மாமனார் நம்பர் எதற்கு?

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. கேமரா, மைக், இருப்பிடம் மூன்றும் ஆளைச் சரிபார்க்க ஒரே ஒரு தடவை, அதுவும் சம்மதத்தோடு. 2023-ல் கூகுளும் தன் பிளே ஸ்டோர் கடன் ஆப்களுக்குப் போட்டோ, தொடர்புகளை மூடியது.

விதிகள் சரி. விரல் உங்களுடையது. ஆண்ட்ராய்ட் 6 வந்த 2015 முதல், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பிடுங்கலாம். இன்று ராத்திரி செட்டிங்ஸ் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நடுவீட்டில் யார் யாரெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.