ஊருக்கொரு படிக்கல்

சேரும் மணங்கும் புழங்கிய கடைத்தெருவுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் கிலோவைக் கொண்டுவந்தது. கடைக்கொரு படிக்கல் இருந்தால் ஏமாறுவது வாங்குகிறவன்தான். கணினித் தமிழுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது மாட்டுங்காவில் பாத்திரக்கடை நடத்தும் அடியேனின் துணிபு.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற உடன்பாடே குறியீடு. 1990களில் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு எண்வரிசை வைத்துக்கொண்டார்கள். தன்னார்வலர்கள் கூடி டிஸ்கியை அமைத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற இரண்டை ஏற்றது. தராசு ஒன்று, கல் மூன்று!

இவற்றுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்கே எண் கொடுத்தார்கள். 'கொ' என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டாகப் பதிவாகும். அச்சுக்கு அது போதும். தேடவும் அகரவரிசைப்படுத்தவும் போதாது.

1991இல் வந்த யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. நம் அறிஞர்கள் இதைக் குறை சொன்னதில் நியாயம் உண்டு. இலக்கணப்படி க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க. யூனிகோடிலோ க-வோடு புள்ளி சேர்ந்தால்தான் க். ர-வை அடுத்து ற, ந-வை அடுத்து ன என்று நெடுங்கணக்கின் வரிசையும் மாறிக் கிடக்கிறது. இதற்கு மாற்றாக, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தந்த டேஸ்-16 பிறந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது.

இலக்கணத்துக்கு நெருக்கமானது டேஸ்தான், மறுக்கமாட்டேன். ஆனால் அது குடியிருப்பது யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில். அங்கே யாரும் எதையும் வைக்கலாம். வீட்டுப் படி எவ்வளவு துல்லியமானாலும் சந்தையில் செல்லுமா? வரிசைக் குறையை மென்பொருள் விதியால் சரிசெய்துவிடலாம். ஒரு முறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்று யூனிகோடு கொண்டிருக்கும் உறுதி அதைவிடப் பெரிது. குறை நிலைத்தாலும் எழுதியது அழியாது. அதே சமயம் அது வளரவும் செய்கிறது. பற்று, வரவு, மேற்படிக் குறிகள் 2003இல் சேர்ந்தன. முந்திரி, காணி, மா முதலிய பின்னக்குறிகள் 2019இல் வந்தன. பழைய கணக்கேடுகளைப் படிப்பவனுக்கு இது சின்ன சந்தோஷமல்ல.

நம் சங்கங்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இருபது வருஷத்துக்கு முந்திய மலர் ஒன்றின் கோப்பை அண்மையில் ஓர் அச்சகத்தில் திறக்கச் சொன்னேன். "அங்கிள், இது தமிழே இல்ல, ஏதோ இங்கிலீஷ் கிறுக்கல்"ன்னு பையன் கையை விரிச்சுட்டான். கோப்பு கெடவில்லை, அதன் எழுத்துருதான் காணாமல் போயிருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் கதையை எந்தச் சரித்திரப் புத்தகம் முழுசாக எழுதியது? பாதிக்குமேல் இம்மாதிரி மலர்களில்தான் கிடக்கிறது. செம்பூரில் படிக்கும் பேத்தி தாத்தாவின் பெயரைக் கணினியில் தேடினால் வர வேண்டாமா? பக்கத்தைப் படம்பிடித்து வைத்தால் பார்க்கலாம், தேட முடியாது.

எங்கள் சமணரிடையே ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது சாத்திர தானம். ஓலை நைந்தால் புது ஓலைக்கு மாற்றினார்கள். 1887இல் உ.வே.சா. அச்சேற்றும் வரை சீவக சிந்தாமணி உயிரோடிருந்தது அப்படித்தான். பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கருவி பெயர்களைத் தப்பாக மாற்றினால் கண்டுபிடிக்க, அந்தப் பெயர்களை அறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அத்தகையோர் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தர நான் தயார். மற்றவர்களும் வாருங்கள்.