ஏடு எங்கே?

2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், வேத காலத்திலேயே நம்மவர்கள் விமானம் ஓட்டினார்கள் என்று ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆதாரம் ‘வைமானிக சாஸ்திரம்’. பரத்வாஜ முனிவர் அருளியதாம். சிலர் பூரித்தார்கள், சிலர் சிரித்தார்கள். இரு தரப்பிலும் நூலைப் புரட்டியவர்கள் குறைவு. சந்தேகம் கிளப்பியவர்களுக்கு வழக்கமான பட்டம் கிடைத்தது: மேல்நாட்டு மோகிகள்.

சாத்திரத்தைச் சந்தேகிப்பது கப்பலில் வந்த சரக்கு என்பவர்கள் கண்கண்டதை மட்டுமே ஏற்ற மணிமேகலையின் பூதவாதியை மறந்தவர்கள். சிவவாக்கியர், பசவண்ணர் என்று அந்த வரிசை எல்லோரும் அறிந்தது. இருபதாம் நூற்றாண்டு மைசூரைத்தான் யாரும் பேசுவதில்லை.

1905 வாக்கில் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் சுவடி நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்தார். அங்கிருந்த ஆர். சாமசாஸ்திரி அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டுகொண்டார். 1909இல் மூலம், 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதன்பின் அறிஞர்கள் அதைப் பூசையறையில் வைக்கவில்லை. காலத்தைப் பற்றி மல்லுக்கு நின்றார்கள். 1971இல் டிராட்மன் என்ற ஆய்வாளர் நூலின் சொல்வழக்கைப் புள்ளியியல் முறையில் எண்ணிப் பார்த்து, எழுதிய கை ஒன்றல்ல என்று வாதிட்டார். ஏடு இருந்தது, அதனால் சண்டையும் நடந்தது.

அதே மைசூரில் ஜி. ஆர். ஜோசியர் 1973இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வைமானிக சாஸ்திரத்துக்குப் பழைய ஏடே கிடையாது. ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி 1918 முதல் 1923 வரை வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது அது. விமானப் படங்களைப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த எல்லப்பா என்ற வரைவாளர்.

மறு ஆண்டே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எச். எஸ். முகுந்தாவும் நான்கு சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். கூட்டம் போடவில்லை, கொளுத்தவில்லை. சமஸ்கிருத நடையைப் பார்த்தார்கள். வேத கால மொழியே அல்ல. நூலுக்கு 1904க்கு முந்தைய தடயம் இல்லை. படங்களும் பாட்டும் ஒத்துப்போகவில்லை. கணக்குப் போட்டால் எந்த விமானமும் பறக்காது. சின்னஞ்சிறு கட்டுரை, வறண்ட நடை. ஆனால் ஐம்பது ஆண்டு மேடை முழக்கங்களைவிடக் கனமானது.

தமிழ்ப் பகுத்தறிவுக்கு முழக்கத்தில் குறைவில்லை, இந்தப் பொறுமையில்தான் பஞ்சம். எஸ். வையாபுரிப் பிள்ளை தனியொருவராக நூல்களை ஒப்பிட்டுக் காலம் கணித்தார். தொல்காப்பியத்தின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியதற்காகத் தமிழ்த் துரோகி என்று ஏச்சு வாங்கினார். அவர் கணிப்புகள் பலவற்றை இன்று ஏற்காதவர்கள் உண்டு. சான்று காட்டி மறுக்கட்டும். மறுக்க வழி வைத்துத்தான் அவர் எழுதினார். நம் பக்கத்துக் கணக்கு ஒன்றையும் பாருங்கள்: முதற்சங்கம் 4440 ஆண்டு நடந்தது என்கிறது இறையனார் களவியலுரை. வைமானிக சாஸ்திரத்தைக் கேட்டுச் சிரிக்கும் மேடைகளில் இந்தக் கணக்குக்கு இன்றும் கைதட்டல் விழுகிறது. அந்தக் கணக்குக்கு, அவ்வுரைக்கு முந்தைய சான்று எதையும் யாரும் இதுவரை எடுத்து வைத்ததில்லை.